இரண்டாவது நாற்காலியை யார் தருகிறார்கள்?

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு



தாத்தா பேரால் நடக்கும் கூட்டத்தில் அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும், அதிபர் வேட்பாளர் தன் பக்கத்தில் யாரைத் துணை அதிபர் வேட்பாளராக நிறுத்துகிறார், அது வாக்காளர்களை எந்த அளவுக்கு அசைக்கிறது என்பதுதான் இன்றைய பொருள். தாத்தாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். 1923-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு அவர் நியமன உறுப்பினராகப் போனார். 1930-இல் அண்ணல் அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோதும் அரசின் நியமனத்தில்தான் போனார். 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நம் சார்பில் பேசப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை யாருக்கு என்ற கேள்வியோடுதான் அவருடைய பொதுவாழ்வு நடந்தது. அந்தக் கேள்வியைத்தான் இன்று இன்னொரு நாட்டில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.

அந்தப் பதவி என்ன பதவி?

துணை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஊராட்சித் துணைத்தலைவர்தான் நினைவுக்கு வருவார். காசோலையில் தலைவரோடு அவரும் கையெழுத்துப் போட வேண்டும். தனி ஊராட்சியில் தலைவராக வந்த நம் பெண்களை, கையெழுத்துப் போடாமலேயே முடக்கிய துணைத்தலைவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அமெரிக்கத் துணை அதிபருக்கு அந்தக் கையெழுத்துகூட இல்லை. அரசியல் சட்டம் அவருக்குத் தரும் வேலைகள் மிகக் குறைவு. செனட் அவைக்குத் தலைமை தாங்கலாம். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் ஒரு வாக்குப் போடலாம். அதிபர் இறந்தாலோ விலகினாலோ அந்த இடத்துக்கு வரலாம். மற்றதெல்லாம் அதிபர் பார்த்துக் கொடுப்பது.

தொடக்கத்தில் அதிபர் தேர்தலில் இரண்டாவதாக வந்தவரே துணை அதிபர். 1800 தேர்தலில் ஜெபர்சனும் ஆரன் பர்ரும் சமமான வாக்குப் பெற்றுக் குழப்பம் வந்த பிறகு, 1804-இல் 12-ஆவது திருத்தம் வந்தது. இரு பதவிக்கும் தனித்தனியே வாக்கு என்றானது. காலப்போக்கில் இருவரையும் ஒரே ஜோடியாகத்தான் வாக்காளர் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தது. முதலாமவர் வேண்டும், இரண்டாமவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. அந்த இரண்டாமவரை நீண்ட காலம் கட்சி மாநாடு தேர்ந்தெடுத்தது. 1940-இல் ரூஸ்வெல்ட், ஹென்றி வாலஸ்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வென்றார். அதன் பிறகு அது அதிபர் வேட்பாளரின் சொந்தத் தேர்வாகவே ஆகிவிட்டது. மாநாடு கைதட்டி ஏற்கிறது, அவ்வளவுதான்.

ஆக, கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கும் தேர்தலில், இரண்டாவது பெயரை எழுதுகிறவர் ஒரே ஒருவர். இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

வாக்கு வருகிறதா?

இன்ன மாநிலத்துக்காரரை நிறுத்தினால் அந்த மாநிலம் வரும், பெண்ணை நிறுத்தினால் பெண்கள் வருவார்கள், கறுப்பினத்தவரை நிறுத்தினால் கறுப்பின மக்கள் வருவார்கள் என்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கணக்குப் போடுகிறார்கள். நம் ஊரில் தொகுதிக்குத் தொகுதி சாதி பார்த்து வேட்பாளர் போடுகிற அதே கணக்கு.

கிறிஸ்டோபர் டெவின், கைல் காப்கோ என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 2016-இலும் 2020-இலும் இரண்டு நூல்களில் இந்தக் கணக்கைச் சோதித்திருக்கிறார்கள். துணை வேட்பாளரின் சொந்த மாநிலத்தில் கிடைக்கும் கூடுதல் வாக்கு, பொதுவாக இல்லை என்றே சொல்லுமளவுக்குச் சிறியது என்பது அவர்கள் முடிவு. துணை வேட்பாளரால் விளைவு இல்லாமல் இல்லை. அது சுற்றிவளைத்து வருகிறது. இப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்த தலைவரின் நிதானம் எப்படிப்பட்டது என்று வாக்காளர் எடைபோடுகிறார். இரண்டாம் பெயரை வைத்து முதல் பெயரை அளக்கிறார்.

1984-இல் வால்டர் மாண்டேல், ஜெரால்டின் ஃபெராரோவை நிறுத்தினார். பெரிய கட்சி ஒன்றின் துணை அதிபர் வேட்பாளரான முதல் பெண் அவர்தான். கூட்டங்களில் பெண்கள் கண்ணீர் விட்டார்கள். தேர்தலில் 49 மாநிலங்கள் ரீகனுக்குப் போயின. பெண் வாக்காளர்களிலும் பெரும்பான்மையோர் ரீகனுக்கே வாக்களித்தார்கள். 2008-இல் மெக்கெய்ன், அலாஸ்கா ஆளுநராக இரண்டாண்டுகூட நிறைவடையாத சாரா பேலினை நிறுத்தினார். ஹிலாரி கிளின்டன் தோற்றதால் வருத்தத்தில் இருந்த பெண்களை இழுக்கலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. பெண் வாக்குகளில் பெரும்பகுதி ஒபாமாவுக்குப் போனது. 72 வயதான ஒருவர் தனக்குப் பின் நாட்டை யாரிடம் விடப் பார்க்கிறார் என்ற கவலைதான் பலருக்கு வந்தது.

தன்னைப் போன்ற ஒருவரின் முகத்தைப் பார்த்ததும் வாக்கு தானாக நகரும் என்று நினைப்பது, அந்த மக்களுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்று நினைப்பதுதான். கறுப்பின வாக்காளர்கள் இந்த நினைப்பைப் பலமுறை பொய்யாக்கியிருக்கிறார்கள்.

1960: கணக்கும் செயலும்

துணை வேட்பாளரால் வெற்றி என்று எல்லோரும் காட்டுவது 1960 தேர்தலை. வடக்கத்திய கத்தோலிக்கரான கென்னடி, தெற்கத்திய டெக்சாஸ்காரரான லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸ் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் கென்னடிக்கு வந்தது. நாடு முழுக்கவே வித்தியாசம் ஒன்றேகால் லட்சத்தைத் தொடாத தேர்தல் அது. ஜான்சன் இல்லாவிட்டால் டெக்சாஸ் வந்திருக்காது என்று சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால் கறுப்பின மக்களுக்கு அந்தத் தேர்வு என்ன செய்தியைச் சொன்னது? தெற்கின் வெள்ளையர் வாக்குதான் எங்களுக்கு முக்கியம் என்று சொன்னது. குடியுரிமை இயக்கத்தில் இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். எதிர்ப்பக்கத்தில் நிக்சனின் துணை வேட்பாளர் ஹென்றி கேபட் லாட்ஜ், அக்டோபர் மாதம் ஹார்லெமுக்கு வந்து, நாங்கள் வென்றால் அமைச்சரவையில் ஒரு நீக்ரோ இருப்பார் என்று வாக்குறுதி கொடுத்தார். அன்றைய சொல் அது. தெற்கின் வெள்ளையர் முகம் சுளிப்பார்கள் என்று பயந்த நிக்சன் தரப்பு உடனே பின்வாங்கியது. இரண்டாமவர் கொடுத்த வாக்கை முதலாமவர் காப்பாற்றவில்லை.

அதே அக்டோபரில் அட்லாண்டாவில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தியதற்காக மார்ட்டின் லூதர் கிங் கைதானார். கென்னடி, கிங்கின் மனைவி கொரெட்டாவைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அவர் தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். கிங் வெளியே வந்தார். அதுவரை நிக்சனுக்கு வாக்களிக்க இருந்த கிங்கின் தந்தை, இனி என் வாக்கு கென்னடிக்கு என்று அறிவித்தார். இந்தச் செய்தியை நீலத் தாளில் அச்சடித்து, தேர்தலுக்கு முந்தைய ஞாயிறன்று கறுப்பின தேவாலயங்களின் வாசலில் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். கறுப்பின வாக்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கோ அதற்குச் சற்று மேலோ கென்னடிக்குப் போனது. ஜான்சன் பெயரைப் பார்த்து வந்த வாக்குகள் இல்லை இவை. சிறையில் கிடந்த தம் தலைவருக்காக ஒருவர் ஏதோ செய்தார் என்பதற்காக வந்தவை.

1964: இரண்டு இடங்கள்

இனி நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் வருகிறது. 1964 ஆகஸ்ட், அட்லாண்டிக் சிட்டி, ஜனநாயகக் கட்சியின் மாநாடு.

மிசிசிப்பி மாநிலத்தில் அப்போது வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் சேர்க்கப் போனால் வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும். அந்தக் கோடையில் இயக்க இளைஞர்கள் மூவரைக் கொன்று அணைக்கட்டு மண்ணில் புதைத்தார்கள். கட்சியின் மிசிசிப்பி கிளை முழுக்க வெள்ளையர். அதற்கு எதிராக மக்கள் தாங்களே கூட்டம் போட்டு, தாங்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் மாநாட்டுக்கு வந்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்திப் பண்ணையில் வாரத்துக்கு உழைத்தவர். 1962-இல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே விரட்டப்பட்டவர். 1963-இல் வினோனா சிறையில் அடித்து நொறுக்கப்பட்டவர்.

ஆகஸ்ட் 22 அன்று தகுதி ஆய்வுக் குழுவின் முன் அவர் தன் கதையைச் சொன்னார். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதிபர் ஜான்சன் அவசர அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் அன்றிரவே தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை மறுபடி ஒளிபரப்பின. நாடே கேட்டது.

ஜான்சனுக்கு அப்போது துணை அதிபர் வேட்பாளர் தேவை. மினசோட்டா செனட்டர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி அந்த இடத்துக்குக் காத்திருந்தார். 1948-இலேயே கட்சி மாநாட்டில் குடியுரிமைக்காக முழங்கிய நல்ல மனிதர். அவரிடம் ஜான்சன் ஒப்படைத்த வேலை, மிசிசிப்பிக்காரர்களைச் சமாதானப்படுத்துவது. அதுதான் தனக்கு வைத்த தேர்வு என்பது ஹம்ப்ரிக்கும் தெரியும். அவருக்கு உதவியவர், அவருடைய சீடர் வால்டர் மாண்டேல். 20 ஆண்டு கழித்து ஃபெராரோவை நிறுத்தினாரே, அதே மாண்டேல்.

அவர்கள் கொண்டுவந்த சமரசம் இதுதான்: வெள்ளையர் குழு இருந்த இடத்திலேயே இருக்கும். சுதந்திரக் கட்சிக்கு மாநாட்டில் இரண்டு இடம். மற்றவர்கள் விருந்தினர். அந்த இரண்டு இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதையும் இவர்களே எழுதிவிட்டார்கள்: ஆரன் ஹென்றி என்ற கறுப்பினத் தலைவர், எட் கிங் என்ற வெள்ளைப் பாதிரியார். ஹேமருக்கு அதில் இடமில்லை.

நல்லெண்ணம் கொண்ட பெரியவர்கள் பலர் ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஹேமரும் தோழர்களும் மறுத்தார்கள். இத்தனை தூரம் இரண்டு இடத்துக்காக நாங்கள் வரவில்லை என்றார்கள். எண்ணிக்கை குறைவு என்ற கோபம் மட்டும் அதில் இல்லை. எங்கள் ஆட்களை நாங்கள் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கிறோம், அதில் கைவைக்க நீங்கள் யார் என்ற கேள்வியும் இருந்தது.

ஹம்ப்ரி துணை அதிபரானார். எதற்காக இந்த மக்களை ஒதுக்கினார்களோ அந்தத் தெற்கு என்ன செய்தது? நவம்பரில் மிசிசிப்பி 87 விழுக்காடு வாக்குகளை எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டருக்குப் போட்டது. ஒடுக்கியவர்களைத் திருப்திப்படுத்த ஒடுக்கப்பட்டவர்களை விலையாகக் கொடுத்தால் இரண்டும் கிடைக்காது என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டியதில்லை.

மறுத்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. செல்மா போராட்டத்துக்குப் பிறகு 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அதே ஜான்சன். 1967-க்குள் மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர்கள் நூற்றுக்கு 60-ஐ நெருங்கினார்கள். 1968 மாநாட்டில் ஹேமர் பிரதிநிதியாகவே உட்கார்ந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. 1960-இல் லாட்ஜ் சொல்லி நிக்சன் விழுங்கிய வாக்குறுதியும் நிறைவேறியது. 1966-இல் ராபர்ட் வீவரை முதல் கறுப்பின அமைச்சராக ஜான்சன் நியமித்தார். வெள்ளைத் தெற்குக்காகத் துணை வேட்பாளராக்கப்பட்ட ஜான்சனையே இந்தக் கையெழுத்துகளைப் போட வைத்தது தெருவில் இருந்த இயக்கம்.

2020: எது முன்னால் வந்தது?

2020 ஆகஸ்ட் 11 அன்று ஜோ பைடன், கமலா ஹாரிஸைத் துணை வேட்பாளராக அறிவித்தார். ஹாரிஸால் கறுப்பினப் பெண்களின் வாக்கு வந்தது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். காலவரிசையை மாற்றிப் படிப்பதால் வரும் பிழை இது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பைடன் கிட்டத்தட்ட முடிந்துபோன வேட்பாளர். அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், நெவாடா மூன்றிலும் தோற்றிருந்தார். தென் கரோலினாவில் ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு சொன்னார். கறுப்பின வாக்காளர்கள், அதிலும் பெண்கள், அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தக் கடனை அவர்கள் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். மார்ச்சில் பைடன் பெண் ஒருவரைத்தான் நிறுத்துவேன் என்றார். மே மாதம் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு நாடே தெருவுக்கு வந்தது. ஜூனில், போட்டியிலிருந்த வெள்ளையர் ஏமி குளோபச்சார், வெள்ளையரல்லாத ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்லி விலகினார். அதற்குப் பிறகுதான் ஆகஸ்ட். நாற்காலி வாக்கைக் கொண்டுவரவில்லை. வாக்குதான் நாற்காலியைக் கொண்டுவந்தது.

எண்களும் இதையே சொல்கின்றன. வாக்குச்சாவடி கருத்துக்கணிப்புகளில், 2016-இலும் 2020-இலும் 2024-இலும் கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 பேரோ அதற்கு மேலோ ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்திருக்கிறார்கள். ஹாரிஸ் இல்லாதபோதும் அவ்வளவு. இரண்டாம் இடத்தில் இருந்தபோதும் அவ்வளவு. முதலிடத்தில் இருந்தபோதும் அவ்வளவு. ஜார்ஜியா 2020-இல் 11,779 வாக்கில் பைடனுக்கு வந்தது. அதற்குப் பின்னால் ஸ்டேசி ஆப்ரம்ஸ் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வீடுவீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த உழைப்பு இருந்தது. வேட்பாளர் பெயரை அறிவிப்பதற்கு ஒரு மேடை போதும். பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கு நடையாய் நடக்க வேண்டும்.

இதனால் ஹாரிஸ் வந்ததற்குப் பொருளில்லை என்று நாம் சொல்லவில்லை. துணை அதிபராக அவர் செனட்டில் 33 முறை சமன்முறி வாக்குப் போட்டார். அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்தவர் ஜான் கால்ஹூன்; 31 முறை. அடிமை முறையை நன்மை என்று வாதிட்ட மனிதர். அவருடைய எண்ணை ஒரு கறுப்பினப் பெண் தாண்டினார் என்பதில் நமக்கும் மகிழ்ச்சிதான். அதே நேரத்தில், அரசு வழக்கறிஞராக இருந்த காலத்தில் ஏழைக் கறுப்பினக் குடும்பங்கள் மீது அவர் காட்டிய கடுமையைக் கறுப்பின இயக்கத்தினரே கேள்வி கேட்டார்கள். வாக்கும் போட்டார்கள், கேள்வியும் கேட்டார்கள். நம் மாணவர்கள் அவர்களிடம் கற்க வேண்டியது இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதை.

துளசேந்திரபுரத்தில் வெடித்த பட்டாசு

இந்தக் கதையில் நம் மண்ணும் வருகிறது. ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர் மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரம். 2020-இல் ஹாரிஸ் மாநாட்டு மேடையில் 'சித்தி' என்ற சொல்லைச் சொன்னதும் தமிழ்நாட்டு ஊடகங்கள் பூரித்துப்போயின. ஊரில் பதாகை, கோலம், பட்டாசு. தமிழ்ப் பெண் என்றார்கள். எந்தத் தெருவிலிருந்து போன குடும்பம் என்று எழுதியவர்கள் குறைவு. 1958-இல் ஷியாமளா கோபாலன் என்ற இளம் பெண் பெர்க்லிக்குப் படிக்கப் போக முடிந்ததற்கும், அதே காவிரிப் படுகையில் நம் பெண்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

ஷியாமளாவின் மீது நமக்கு மரியாதை உண்டு. அவர் அங்கே போய்க் கறுப்பினக் குடியுரிமை இயக்கத்தில் கலந்தார்; தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகவே வளர்த்தார். ஹாரிஸை இரண்டாவது நாற்காலிக்குக் கொண்டுபோனது அந்தக் கறுப்பின அரசியல்தான். ஆனால் இங்கே கொண்டாடியவர்கள் அந்தப் பாதியை மறைத்துவிட்டு, அக்ரகாரத்துப் பாதியை எடுத்து மொத்தத் தமிழருக்கும் பெருமையாக விற்றார்கள்.

ஹாரிஸின் பெயர் அறிவிக்கப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு, 2020 ஜூன் 30 அன்று, அவருடைய கலிபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் உடன் வேலைசெய்த ஆதிக்கசாதி இந்தியர்களால் பாகுபடுத்தப்பட்டார் என்பது புகார். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் சாதிக்கு எதிரான மசோதாவை நிறைவேற்ற, ஆளுநர் நியூசம் அக்டோபரில் அதை நிராகரித்தார். இந்திய வம்சாவளியின் வாக்கு என்று அங்கே இரு கட்சிகளும் துரத்துகிற வாக்குக்குள் நாமும் இருக்கிறோமா? இருந்தால், அதில் நம் குரல் எது? துணை வேட்பாளரின் தாய்வழி ஊரைத் தெரிந்துகொண்டதால் இதற்கு விடை கிடைக்காது.

நம் கேள்வி

1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த அண்ணல், 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தில் நம் நிலைக்கும் அவர்கள் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். அதே 1946-இல் நடந்த மாகாணத் தேர்தலில், தலித் வாக்காளர் மட்டும் வாக்களித்த முதல்கட்டத்தில் முன்னிலை பெற்ற பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் வேட்பாளர்கள் பலர், எல்லோரும் வாக்களித்த இறுதிக் கட்டத்தில் தோற்கடிக்கப்பட்டார்கள். பூனா ஒப்பந்தம் இடங்களை 71-இலிருந்து 148 ஆகக் கூட்டியது. அந்த இடத்தில் யார் உட்காருவது என்ற முடிவைப் பிறர் கைக்கு மாற்றியது. அட்லாண்டிக் சிட்டியில் ஹேமர் மறுத்த அந்த இரண்டு இடங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எரவாடா சிறை வாசல் நம் நினைவுக்கு வருவது இதனால்தான். ஒப்பந்தத்தின் 50-ஆம் ஆண்டு நாளான 1982 செப்டம்பர் 24 அன்று கான்ஷிராம் 'சம்ச்சா யுகம்' என்ற நூலை வெளியிட்டதும் இந்த வலியைச் சொல்லத்தான்.

நியமனமாகப் போனவர் எல்லோரும் கைப்பாவைகள் என்று சொன்னால் தாத்தாவுக்குத் துரோகம் செய்தவர்கள் ஆவோம். நியமன உறுப்பினராக இருந்துகொண்டுதான் 1924-இல் பொதுச் சாலையும் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அதற்கு முப்பதாண்டுகள் முன்பே 'பறையன்' என்ற பெயரில் பத்திரிகை நடத்தியவர், மகாஜன சபை கட்டியவர் அவர். நாற்காலிக்குப் போகும் முன்பே தன் மக்களுக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தார். அந்தப் பழக்கத்தோடு போகிறவரை யார் நியமித்தாலும் முழுசாக விலைக்கு வாங்க முடியாது.

அமெரிக்காவில் அடுத்த அதிபர் தேர்தல் வரும். அப்போதும் இரண்டாவது பெயர் யாருடையது என்று இரவெல்லாம் விவாதிப்பார்கள். இங்கும் தேர்தல் வரும்; நம் ஆளுக்குத் துணைப் பதவி, துணைச் செயலாளர், துணைத் தலைவர் என்று கட்சிகள் அறிவிக்கும். மாலை போடுவதற்கு முன் கேட்போம்: இந்தப் பெயரை எழுதியது யார்? இவர் தவறினால் திருப்பி அழைக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நம் சேரியின் வாக்காளர் பட்டியல் யார் கையில் இருக்கிறது? மூன்றாவது கேள்வி சின்னதாகத் தெரியலாம். மிசிசிப்பியும் ஜார்ஜியாவும் அங்கேதான் தொடங்கின. மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஆளுக்கொரு சேரிக்குப் போய் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தால், இந்தச் சொற்பொழிவுக்கு ஒரு பயன் உண்டு.